சுகருக்கும் மூட்டு வலிக்கும் சத்து மாத்திரை: அத்தைக்குக் கொடுக்கலாமா?

பாரூர் மருமகள்:

வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டம் பாரூர் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். கேள்வி என் அத்தைக்காக. வயது 59. பல வருடமாகச் சுகர் இருக்கிறது. காலையில் கிளிமிபிரைடு 1 மி.கி., காலையும் இரவும் மெட்ஃபார்மின் 500 மி.கி. இதிலேயே மூன்று மாத சராசரி (ஹெச்பிஏ1சி) 7.3, 7.4 என்று ஓடிக்கொண்டிருந்தது. இப்போது எடுத்ததில் 8.7 வந்திருக்கிறது. வெறும் வயிற்றில் 128தான். ஆனால் மதியம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 304. சாப்பாட்டில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை, மாத்திரையும் விடுவதில்லை.

அத்தைக்கு இரண்டு முழங்காலிலும் வலி. சந்தூர் பக்கம் ஒரு நர்சரியில் மாங்கன்று ஒட்டுக் கட்டப் போகிறார். நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து செய்கிற வேலை. சாயங்காலம் எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. எக்ஸ்ரே எடுத்துத் தேய்மானம் என்றார்கள்.

என் வீட்டுக்காரரோடு ஓசூரில் வேலை பார்க்கும் ஒருவர் சத்து மாத்திரைகள் விற்கிறார். மூன்று டப்பா கொடுத்திருக்கிறார். ஒன்று மஞ்சள் சத்து: குர்குமின் 500 மி.கி., பைப்பரின் 5 மி.கி. இரண்டாவது சுகருக்கானது: லவங்கப்பட்டை, பாகற்காய், வெந்தயம், சிறுகுறிஞ்சான், குரோமியம். எது எவ்வளவு என்று இல்லை, மொத்தம் 800 மி.கி. என்று மட்டும் போட்டிருக்கிறது. மூன்றாவது மீன் எண்ணெய், ஒமேகா 3. மாதம் 4,600 ரூபாய் ஆகும். "உடம்புக்குள் இருக்கும் அழற்சிதான் (இன்ஃப்ளமேஷன்) சுகருக்கும் மூட்டுவலிக்கும் ஒரே வேர். இதை மூன்று மாதம் எடுத்தால் இங்கிலீஷ் மாத்திரையை விட்டுவிடலாம்" என்கிறார். வீட்டுக்காரர் நம்புகிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் 304 என்ற எண்ணைப் பார்த்தால் பயமாகவும் இருக்கிறது. கொடுக்கலாமா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மூட்டுவலிக்கு அத்தை சில மாதமாக ஒரு பச்சிலைப் பொடி சாப்பிடுகிறார். சந்தைக்கு வரும் ஒருவரிடம் வாங்குவது. பொட்டலத்தில் பேர் எதுவும் இல்லை, கூடவே சின்னச் சின்ன உருண்டை மாத்திரை. அதைச் சாப்பிட ஆரம்பித்த மூன்றாம் நாளே வலி விட்டுவிட்டது. இப்போது சுவரைப் பிடிக்காமல் எழுந்திருக்கிறார். பசி நன்றாக எடுக்கிறது, முகம்கூடப் பூசினாற்போல் ஆகியிருக்கிறது. அதனால் அதில் எங்களுக்குக் கவலை இல்லை.

கெலமங்கலத்தான்:

எங்கள் அப்பாவுக்கும் இதே பிரச்சினை வந்தது. டப்பாக்களைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லட்டும். நான் சாப்பாட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நம் பக்கம் ராகிக் களி சுகரை ஏற்றாது என்று ஒரு நம்பிக்கை ஊறிப்போய் இருக்கிறது. 100 கிராம் ராகி மாவில் ஏறக்குறைய 70 கிராம் மாவுச்சத்துதான். நைசாக அரைத்த மாவைக் கிண்டி, இரண்டு பெரிய உருண்டையைக் கொஞ்சம் குழம்போடு விழுங்கினால் சுகர் ஏறத்தான் செய்யும். அரிசியைவிட அதில் நாரும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம், அது உண்மை. அதற்காக அளவில்லாமல் சாப்பிட முடியாது. அப்பாவுக்கு ஒரு உருண்டையாகக் குறைத்து, தட்டில் பாதிக்குக் கீரைக் கடைசலும், கூடவே கொள்ளோ அவரைக்கொட்டையோ வைத்தோம். முதலில் கீரையும் பருப்பும், அப்புறம் களி. சாப்பிட்ட பிறகு வீதியில் ஒரு நடை. மதிய எண் கண்ணுக்குத் தெரிய இறங்கியது.

வெந்தயம் இரவு ஊறவைத்துக் காலையில் தண்ணீரோடு மென்று சாப்பிடுகிறார். எங்களுக்கு ஒத்துக்கொண்டது. அப்புறம் மாம்பழக் காலத்தில் உங்கள் அத்தை வேலை செய்யும் இடத்தில் பழம் சும்மா கிடைக்குமே, அதையும் ஒரு கண் பாருங்கள்.

மருந்துக்கடை, தருமபுரி:

அம்மா, உங்கள் கேள்விக்குப் பதில் நீங்கள் எழுதிய கடைசிப் பத்தியில்தான் இருக்கிறது. டப்பாக்களுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்தப் பொட்டலம்.

மூன்றாம் நாளே வலி விட்டது, பசி கூடியது, முகம் உப்பியது, மூன்று மாத சராசரி ஏறியது, அதிலும் வெறும் வயிற்றில் 128 இருக்கும்போது மதியம் 304. இத்தனையும் ஒன்றாகச் சேர்ந்தால் எனக்கு வரும் முதல் சந்தேகம் ஸ்டீராய்டு. தேய்ந்த முழங்காலை மூன்று நாளில் சரியாக்கும் பச்சிலை எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. பொடி பச்சிலையாகவே இருக்கலாம். அந்தச் சின்ன உருண்டை மாத்திரைதான் டெக்ஸாமெத்தசோனாகவோ பிரட்னிசலோனாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். சில சமயம் பொடியிலேயே கலந்துவிடுகிறார்கள். இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2022-ல், அங்கே நன்றாக விற்றுக்கொண்டிருந்த ஒரு மூலிகை மூட்டுவலி மாத்திரையைச் சோதித்து, அட்டையில் சொல்லாத டெக்ஸாமெத்தசோனும் டைக்ளோஃபெனாக்கும் உள்ளே இருப்பதாக எச்சரித்தது.

பிரட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டைக் காலையில் ஒரு வேளை எடுத்தால் மதியத்திலிருந்து இரவு வரை சுகர் ஏறும், விடிவதற்குள் ஓரளவு இறங்கிவிடும். அதனால்தான் காலை எண் நல்லபிள்ளையாகத் தெரிகிறது. காலை எண்ணை மட்டும் பார்க்கும் வீடுகளில் இது பல மாதம் தெரியாமலே போய்விடும். நீங்கள் மதியமும் பார்த்தது மிக நல்லது.

இப்போது முக்கியமான விஷயம். இதைப் படித்தவுடன் பயந்து பொட்டலத்தைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். இரண்டு காரணம். ஒன்று, மருத்துவர் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் சோதனைக்கு அனுப்பலாம். இரண்டு, ஸ்டீராய்டை மூன்று நான்கு வாரத்துக்கு மேல் எடுத்தால், உடம்பு தானாகச் சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனை நிறுத்தி வைத்துவிடும். சட்டென்று விட்டால் கடுமையான சோர்வு, வாந்தி, தலைசுற்றல், பிரஷர் விழுவது, சிலருக்கு மயக்கம் வரை போகும். உயிருக்கே ஆபத்தாக முடிந்ததும் உண்டு. அதனால் நாளைக்கே அத்தையையும் பொட்டலத்தையும் கூட்டிக்கொண்டு ஒரு பொது மருத்துவரிடம் போங்கள். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குக் கிட்டம்தானே. எத்தனை மாதமாக, ஒரு நாளைக்கு எத்தனை உருண்டை என்று எழுதி எடுத்துப் போங்கள். படிப்படியாகக் குறைப்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். வலிமாத்திரையும் கலந்திருக்கலாம் என்பதால் சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் சோதனையும் பார்க்கச் சொல்லுங்கள். மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்குச் சிறுநீரகம் சரியாக இருக்க வேண்டும்.

இனி டப்பா விற்பவர் சொன்ன "ஒரே வேர்" கதை. அதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. கொழுப்புத் திசுவிலிருந்து வரும் டிஎன்எஃப் ஆல்ஃபா என்ற அழற்சிப் பொருள் இன்சுலின் வேலையைக் கெடுக்கிறது என்று 1993-லேயே எலிகளில் காட்டினார்கள். அதற்குப் பிறகு, அழற்சியைக் குறைத்தால் சுகர் போய்விடுமா என்று மனிதர்களிடமே பார்த்தாகிவிட்டது. 2017-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, மாரடைப்பு வந்த பத்தாயிரம் பேருக்கு மேல். கனகினுமாப் என்ற ஊசி போட்டு அழற்சியை நன்றாகவே குறைத்தார்கள், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி இறங்கியது. ஆனால் புதிதாகச் சுகர் வருவதை அது தடுக்கவில்லை. உங்கள் வீட்டிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. ஸ்டீராய்டைவிட வேகமாக அழற்சியை அடக்கும் மருந்து கடையில் வேறு கிடையாது. அதே ஸ்டீராய்டுதான் சுகரை 304-க்குத் தூக்குகிறது. இரண்டுக்கும் ஒரே வேர் என்றால் இது நடக்குமா?

அடுத்து டப்பாக்கள். மஞ்சளைப் பற்றி எனக்கு மரியாதை உண்டு. மஞ்சள்தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் இருக்கும். அரை டீஸ்பூன் குழம்பில் போட்டால் 40, 50 மில்லிகிராம் போகும், அதிலும் ரத்தத்தில் ஏறுவது மிகக் கொஞ்சம். மிளகிலுள்ள பைப்பரின் சேர்த்தால் ரத்தத்தில் ஏறும் அளவு 20 மடங்கு வரை கூடுகிறது என்று 1998-ல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் கண்டுபிடித்தார்கள். இன்று உலகம் முழுக்க மஞ்சள் மாத்திரையில் மிளகுச் சத்து சேர்க்கிறார்கள் என்றால் அதற்கு இந்த ஆய்வுதான் பெரிய காரணம். முழங்கால் தேய்மான வலிக்குக் குர்குமின் ஓரளவு உதவுவதாகச் சின்னச் சின்ன ஆய்வுகள் பல சொல்கின்றன. சுகரில் 2012-ல் தாய்லாந்தில் செய்தது பெயர் பெற்றது: சுகர் வரும் எல்லையில் இருந்த 240 பேர், ஒன்பது மாதம். மருந்தில்லாத சும்மா மாத்திரை எடுத்தவர்களில் 16 சதவீதத்துக்கு மேல் சுகர் வந்தது, குர்குமின் எடுத்தவர்களில் ஒருவருக்கும் வரவில்லை. கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் அது ஒரே ஒரு ஆய்வு, அதுவும் சுகர் வராதவர்களிடம். பல வருடம் சுகர் உள்ள உங்கள் அத்தைக்கு மாத்திரையை விடலாம் என்று அதிலிருந்து சொல்ல முடியாது.

மஞ்சள் மாத்திரையால் ஈரல் பாதித்தவர்களும் இருக்கிறார்கள். இத்தாலி, ஆஸ்திரேலியா, அமெரிக்கா மூன்று இடத்திலும் பதிவானது, இத்தாலியிலும் ஆஸ்திரேலியாவிலும் அரசு எச்சரிக்கை வரை போனது. எண்ணிக்கையில் அரிது. ஆனால் மிளகுச் சத்தோடு சேர்ந்த, நன்றாக ரத்தத்தில் ஏறும் வகைகள்தான் அதில் அதிகம் அடிபடுகின்றன. குழம்பு மஞ்சளுக்கு இந்தப் பயம் இல்லை, மாத்திரைக்கு உண்டு. கண் மஞ்சளானாலோ, சிறுநீர் டீத்தண்ணீர் நிறத்தில் போனாலோ அன்றே நிறுத்த வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களும் பித்தப்பையில் கல் உள்ளவர்களும் கேட்காமல் தொடவே கூடாது.

இரண்டாவது டப்பாவை நான் கொடுக்க மாட்டேன். ஐந்து பொருள், மொத்தம் 800 மி.கி., எது எவ்வளவு என்று தெரியாது. வெந்தயம் வேலை செய்வது அதிலுள்ள நாரால். கிராம் கணக்கில் போனால்தான் வயிற்றில் கொழகொழப்பாகி மாவுச்சத்து ஏறுவதை மெதுவாக்கும். அந்த மாத்திரைக்குள் அடங்கும் வெந்தயம் ஒரு சிட்டிகைகூட வராது. பட்டை விஷயத்தில், நம் மளிகைக் கடையில் கிடைக்கும் தடித்த பட்டை பெரும்பாலும் காசியா வகை. அதில் கூமரின் என்ற பொருள் அதிகம். ஐரோப்பாவில் ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 0.1 மி.கி. கூமரின்தான் எல்லை என்று வைத்திருக்கிறார்கள். பிரியாணிக்குப் போடுவதில் ஒன்றுமில்லை, தினமும் ஸ்பூன் கணக்கில் பொடி சாப்பிட்டால் ஈரலுக்கு ஆகாது. சுருள் சுருளாக மெல்லிசாக வரும் இலங்கைப் பட்டையில் கூமரின் மிகக் குறைவு. ஆனால் எந்தப் பட்டையானாலும், சுகருக்குப் பரிந்துரைக்கும் அளவுக்கு ஆதாரம் போதாது என்று பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் மதிப்பாய்வு 2012-ல் சொல்லிவிட்டது. குரோமியமும் அப்படித்தான், உடம்பில் குறைபாடு இல்லாதவருக்குப் பயன் இல்லை.

ஒமேகா 3 மீன் எண்ணெய் சுகரைக் குறைக்காது. இதயத்துக்காவது உதவுமா என்று சுகர் உள்ள 15,000 பேருக்கு மேல் தினம் ஒரு கிராம் கொடுத்துப் பார்த்தார்கள். 2018-ல் முடிவு வந்தது, வித்தியாசம் எதுவும் இல்லை. அந்தக் காசுக்கு வாரம் இரண்டு நாள் மத்தி மீன் வாங்கிக் குழம்பு வையுங்கள்.

டப்பாவில் எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு அமைப்பு) என்று போட்டு 14 இலக்க எண் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது சட்டப்படி உணவு. "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று அதிலேயே அச்சிட வேண்டும் என்பது விதி. சுகரைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954-ம் வருடச் சட்டமே தடை செய்கிறது, அதன் பட்டியலில் நீரிழிவு பேர் போட்டே இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரரிடம் டப்பாவைத் திருப்பிக் காட்டி, அந்தச் சின்ன எழுத்தை அவரையே படிக்கச் சொல்லுங்கள்.

நானும் கடை வைத்திருப்பவன்தான். சத்து மாத்திரை விற்றால் எனக்கு மெட்ஃபார்மினைவிட லாபம் அதிகம். ஆனால் மாதம் 4,600 ரூபாய் என்பது ஒட்டுக் கட்டி உழைக்கும் ஒரு பெண்ணுக்கு எவ்வளவு பெரிய தொகை என்று எனக்குத் தெரியும். அதை இதில் கொட்ட வேண்டாம்.

பாரூர் மருமகள்:

அண்ணா, படித்ததும் கை நடுங்கிவிட்டது. அத்தையிடம் கேட்டேன். காலையில் இரண்டு உருண்டை, பொங்கலுக்கு முன்பிருந்தே சாப்பிடுகிறாராம். பொட்டலத்தைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டேன். நாளை ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். இன்றைக்கும் நாளைக்கும் அந்த உருண்டையைக் கொடுக்கவா, வேண்டாமா?

மருந்துக்கடை, தருமபுரி:

அவ்வளவு மாதம் என்றால் நீங்களாக நிறுத்த வேண்டாம். நாளை காலை மருத்துவரைப் பார்க்கும் வரை வழக்கம்போல இருக்கட்டும், கூடுதலாக ஒன்றும் கொடுக்க வேண்டாம். இடையில் வாந்தி, காய்ச்சல், மயக்கம் என்று எது வந்தாலும் விடியும் வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போய், "பல மாதமாக ஸ்டீராய்டு சாப்பிட்டிருக்கலாம்" என்ற வார்த்தையை முதலில் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை அவர்கள் செய்யும் சிகிச்சையையே மாற்றும்.

அரூர் சித்த மருத்துவர்:

மருந்துக்கடை ஐயா சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு. எங்கள் துறைக்கு அந்தப் பொட்டலக்காரர்களால் வரும் கெட்ட பெயர் கொஞ்சமல்ல. முறையான சித்த மருந்தில் தயாரிப்பு உரிமம் எண், தொகுதி எண், சேர்ந்த சரக்குகளின் பெயர், காலாவதி நாள் எல்லாம் இருக்கும். தாலுகா மருத்துவமனைகளிலும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது. அங்கே கிடைக்கும் மருந்துகளில் டாம்ப்கால் முத்திரை பார்த்திருப்பீர்கள், அது தமிழ்நாடு அரசின் நிறுவனம். பேரில்லாத பொட்டலத்தை எந்த முறையின் பேரிலும் யாரும் கொடுக்கக் கூடாது.

சிறுகுறிஞ்சானைப் பற்றி மட்டும் கொஞ்சம் சேர்க்கிறேன், ஏனென்றால் அது வெறும் கதை இல்லை. அரூரிலிருந்து சித்தேரி மலைப் பக்கம் போனால் வேலியோரம் பார்க்கலாம். ஒரு இலையை நன்றாக மென்றுவிட்டு வெல்லத்தை வாயில் போட்டால் மண் மாதிரி இருக்கும். அதிலுள்ள ஜிம்னிமிக் அமிலம் நாக்கில் இனிப்பை உணரும் இடத்தைக் கொஞ்ச நேரம் அடைத்துவிடுகிறது. 1990-ல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த 22 நோயாளிகளுக்கு இந்த இலையின் சாரத்தை ஒரு நாளைக்கு 400 மி.கி. வீதம் ஒன்றரை வருடத்துக்கு மேல் கொடுத்தார்கள். சுகர் இறங்கியது, பலருக்கு மாத்திரை அளவைக் குறைக்க முடிந்தது, ஐந்து பேர் மாத்திரையே இல்லாமல் சமாளித்தார்கள். சின்ன ஆய்வு, யாருக்கு எது என்பதை மறைத்துச் செய்ததும் அல்ல. அதைப் பெரிய அளவில் திரும்பச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஆனால் உண்மையிலேயே வேலை செய்யும் மூலிகை என்றால் அதைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். உங்கள் அத்தை எடுக்கும் கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. அதன் மேல் சிறுகுறிஞ்சானும் பாகற்காயும் சேர்ந்தால் தாழ்சர்க்கரை வரலாம். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, பேச்சுக் குழறல். சுகர் 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். நான் சிறுகுறிஞ்சான் கொடுக்கும் நோயாளிகளிடம் அலோபதி மருத்துவரிடமும் சொல்லிவிட்டு வரச் சொல்வேன். இருவருக்கும் தெரியாமல் இரண்டும் சாப்பிடுவதுதான் ஆபத்து.

பென்னாகரம் ஆசிரியர்:

மூட்டுவலி என்றதும் ஒன்று சொல்லத் தோன்றியது. நம் இரண்டு மாவட்டத்திலும் போர்த் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் உள்ள ஊர்கள் நிறைய. ஒரு லிட்டரில் 1.5 மி.கி. தாண்டினால் குடிக்க ஏற்றதல்ல. பல வருடம் குடித்தால் முதலில் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை, பிறகு பெரியவர்களுக்கு முதுகும் மூட்டும் இறுகுவது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பேரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்பதும் சேர்ந்து இருப்பது இதனால்தான். ஆனால் வீட்டுக்குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வந்தாலும், தோட்டத்திலும் வேலை செய்யும் இடத்திலும் போர்த் தண்ணீரையே குடிப்பவர்கள் இருக்கிறார்கள். அத்தை நர்சரியில் என்ன தண்ணீர் குடிக்கிறார் என்று கேளுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துச் சோதிக்கலாம். மருத்துவரிடமும் சொல்லுங்கள், எக்ஸ்ரேயை அந்தக் கண்ணோடும் பார்ப்பார்.

சூளகிரி சகோதரி:

நான் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் தன்னார்வலர். இந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து இலவசமாகத் தருகிறோம். அத்தை பேர் பதிவாகவில்லை என்றால் உங்கள் ஊர் செவிலியரிடம் சொல்லுங்கள்.

வீடுகளில் நான் பார்ப்பது, பொடி சாப்பிடுவதைப் பெரியவர்கள் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். "வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களாம்மா" என்றால் இல்லை என்பார்கள், ஏனென்றால் பொடியை அவர்கள் மருந்தாகவே நினைப்பதில்லை. "மூட்டுக்கு என்னம்மா சாப்பிடறீங்க" என்று கேட்டால் உடனே பொட்டலத்தை எடுத்து வந்து காட்டுவார்கள். அத்தையைத் திட்டாதீர்கள். வலியோடு வேலைக்குப் போனவருக்கு வலி விட்டது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குப் புரிகிறது.

ஒரு சத்து மட்டும் கட்டாயம் பார்க்க வேண்டியது: பி12. மெட்ஃபார்மின் பல வருடம் எடுப்பவர்களுக்கு அது குறையும். பாதத்தில் எறும்பு ஊர்வது மாதிரி, மரத்துப் போவது மாதிரி இருக்கிறதா என்று கேளுங்கள். சுகர் நரம்பு என்று விட்டுவிடுகிறோம், சில பேருக்கு பி12 குறைவாகவே இருக்கும். ரத்தத்தில் பார்த்துக் குறைவாக இருந்தால் மருத்துவர் மாத்திரையோ ஊசியோ தருவார்.

பாரூர் மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. போய் வந்தோம். மருத்துவர் அத்தையின் முகத்தையும் கழுத்தின் பின்பக்கத்தையும் பார்த்த உடனேயே பொட்டலத்தைக் கேட்டார். காலை நேர கார்ட்டிசால், கிரியாட்டினின், பி12 மூன்றுக்கும் ரத்தம் எடுத்தார்கள். கார்ட்டிசால் மிகக் குறைவு. பி12-ம் குறைவு, அதற்கு ஊசி தொடங்கியாகிவிட்டது. கிரியாட்டினின் சரியாக இருக்கிறதாம். உருண்டைக்குப் பதிலாக அளவு தெரிந்த பிரட்னிசலோன் எழுதி, வாரங்கள் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். கிளிமிபிரைடை 2 மி.கி. ஆக்கினார். முழங்காலுக்குத் தொடைத் தசைப் பயிற்சியும், உட்கார்ந்து வேலை செய்யச் சின்ன ஸ்டூலும். நர்சரிக்காரரே ஒரு மணை செய்து கொடுத்துவிட்டார்.

டப்பாக்களைத் திருப்பிக் கொடுத்தோம். வீட்டுக்காரர் அந்தச் சின்ன எழுத்தைப் படித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை, அவரே எடுத்துக்கொண்டு போய்விட்டார். பிரட்னிசலோன் குறையக் குறைய வலி திரும்பி வருகிறது, அத்தை முகம் வாடுகிறது. அதனால் கேட்கிறேன். மஞ்சள் மாத்திரையை மட்டும் பிறகாவது கொடுத்துப் பார்க்கலாமா அண்ணா?

மருந்துக்கடை, தருமபுரி:

நல்ல வேலை செய்தீர்கள் அம்மா. மஞ்சள் மாத்திரை பிறகு முயன்று பார்க்கலாம், இப்போது வேண்டாம். ஸ்டீராய்டு முழுவதும் நின்று, சுகர் ஒரு நிலைக்கு வந்த பிறகு, ஈரல் சோதனை ஒன்று எடுத்து, மருத்துவரிடம் கேட்டுவிட்டு, அதை மட்டும் தனியாக ஆரம்பியுங்கள். கூடவே வேறு எதையும் புதிதாகச் சேர்க்க வேண்டாம், எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும். இரண்டு மூன்று மாதத்தில் வலியில் வித்தியாசம் தெரியவில்லை என்றால் விட்டுவிடலாம். அதுவரைக்கும் வலி தாங்காவிட்டால் மருத்துவரிடம் பாராசிட்டமால் கேளுங்கள், மேலே தடவும் ஜெல்லும் இருக்கிறது. கடையில் போய் "மூட்டுவலிக்கு ஒரு செட் மாத்திரை" என்று மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

இப்போதைக்கு இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. ஸ்டீராய்டு குறையக் குறைய சுகரும் தானாக இறங்கும். ஆனால் கிளிமிபிரைடு 2 மி.கி. அப்படியே நிற்கும். அந்த வாரங்களில்தான் தாழ்சர்க்கரை வரப் பார்க்கும், அதுவும் அத்தை வேலைக்குப் போகிறவர், மதியச் சாப்பாடு தள்ளிப்போகலாம். ஒவ்வொரு முறை பிரட்னிசலோன் குறைத்த பிறகும் இரண்டு மூன்று நாளைக்கு மதியச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் பார்த்து நோட்டில் எழுதுங்கள். சாப்பாட்டுக்கு முன் 100-ஐ ஒட்டி வர ஆரம்பித்தால் அடுத்த வருகைக்குக் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டி கிளிமிபிரைடைக் குறைத்துக்கொள்ளுங்கள். நர்சரிக்குப் போகும்போது அத்தையின் பையில் குளுக்கோஸ் பாக்கெட் ஒன்று இருக்கட்டும், பக்கத்தில் உட்கார்ந்து ஒட்டுக் கட்டும் பெண்களிடமும் அது எதற்கு என்று சொல்லி வையுங்கள்.